எதுக்கு

ஐஸ்காரர் நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இனி வரப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். குடி கிடையாது. கை நீட்டியது கிடையாது. வீட்டுச் செலவுக்குக் கேட்டு இல்லையென்று சொன்னதும் கிடையாது. ஒரே ஒரு பழக்கம்தான். யார் பணம் கேட்டாலும், கை சட்டைப்பைக்குள் போகும்போதே வாயிலிருந்து ஒரு வார்த்தை விழும். 'எதுக்கு?'

அதட்டிக் கேட்கமாட்டார். அதில் சந்தேகமும் இருக்காது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஐஸ் பேக்டரி நடத்துகிறவர். உப்பு வாங்கவேண்டும், டின் ஓட்டை அடைக்கவேண்டும், மோட்டாருக்குச் சுருள் கட்டவேண்டும் என்று நாள் முழுக்க ஆளுக்கொரு செலவோடு முன்னால் வந்து நிற்பார்கள். கேட்டுக் கேட்டு நாக்கிலேயே குடியேறிவிட்ட வார்த்தை அது. பதிலைக் காதில் வாங்குவாரா என்பதே சந்தேகம். வெங்காயத்துக்கு என்றாலும் கொடுப்பார், வைரத்துக்கு என்றாலும் கொடுத்திருப்பார். ஆனால் கேட்பார்.

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் அவள் லாண்டரியம்மா. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபிறகு துறைமுகத் தெருவில் அவளை ஐஸ்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவே அவளுக்கு வெகுநாள் பிடித்தது. யாராவது லாண்டரியம்மா என்று கூப்பிட்டால் இன்றைக்கும் ரோட்டைக் கடந்து போய்ப் பேசிவிட்டு வருவாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

மாதம் பிறந்தால் லாண்டரியம்மாவுக்கு பென்ஷன் வரும். அது எதுக்கு என்று கேட்க ஆளில்லாத பணம். அதை வைத்து அவள் கோட்டை கட்டவில்லை. புதன்கிழமை மத்தியானம், கூட வேலை பார்த்த நெட்டையோடு பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்னாலிருக்கும் சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம்வரை போவாள். அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. ஒரு டிப்போ, ஒரு பெட்டிக்கடை, அவ்வளவுதான். பெட்டிக்கடையில் ஆளுக்கொரு குச்சி ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்கள். வீட்டுக்காரருடைய பேக்டரியில் ஐஸ் மலையாகக் கிடக்க, இவள் பஸ் ஏறிப் போய்க் காசு கொடுத்து ஐஸ் தின்கிறாள் என்றால் யாரிடம் சொல்ல முடியும்? எதுக்கு என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது? அதனால்தான் அது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பென்ஷன் சட்டத்தை மாற்றினார்கள்.

விஷயம் சிக்கலானதில்லை. பொதுப் பணத்திலிருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களில் வசதியானவர்களுக்கு இனிமேல் அது கிடையாது. மிச்சமாகும் பணத்தில் குறைந்த பென்ஷன்காரர்களுக்குக் கூட்டிக் கொடுப்பார்கள். வசதி இருக்கிறதா இல்லையா என்பதைக் கணவன் மனைவி இருவருடைய சொத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள். பேப்பரில் படம் போட்டு விளக்கியிருந்தது. அந்தப் படத்தில் வசதியானவர் தொப்பையும் சிரிப்புமாக ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். லாண்டரியம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். நீராவியில் வெந்துவெந்து நகக்கண்ணெல்லாம் வெளுத்துப்போன தன் கையையும் பார்த்தாள்.

அந்த வருஷம் வெயில் பொல்லாதது. மேகம் திரளும், இதோ கொட்டிவிடும் என்று தோன்றும், சாயங்காலத்துக்குள் கலைந்துவிடும். ஐஸுக்கு அடிதடி. பேக்டரியில் டின்களை இறக்கி ஐஸ் உறையவைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பலகைகளை எடுத்தெடுத்து மூடியதில் ஆட்களுக்குக் கை ஓய்ந்தது. டின்னில் கட்டி பாதிகூட இறுகியிருக்காது, வெளியே படகுக்காரர்கள் வண்டியோடு வந்து கத்துவார்கள். ஐஸ்காரர் ராத்திரி சாப்பாட்டுக்கு வரும்போது முகம் கறுத்து, கால் ஊறி வெளுத்திருக்கும். ஒரு நாள் மட்டும் முகத்தில் ஒரு தெளிவு.

"இன்னைக்கு வியாபாரிங்க கூட்டத்துல பென்ஷன் சட்டத்தப் பத்தியே பேச்சு," என்றார், மீனில் முள் எடுத்துக்கொண்டே. "ஒவ்வொருத்தனும் மூக்கால அழுவுறான். நான் எந்திரிச்சு சொல்லிட்டேன். எங்க வீட்டுக்கு அந்தப் பணம் வேணாம்யா, நாங்களா முன்வந்து எழுதிக் குடுக்கறோம்னு. அத்தனை பேரும் கை தட்டினாங்க."

லாண்டரியம்மா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "நாங்கன்னா யாரு?"

"நாமதான். வேற யாரு?"

"உங்களுக்கு ஏது பென்ஷன்?"

ஐஸ்காரர் ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். "உன்னுதுதான். நம்ம வீட்டுதுதானே."

மருமகள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பேக்டரியின் கணக்குவழக்கெல்லாம் அவள் கையில். சாமர்த்தியசாலி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "மாமா அவசரப்பட்டுட்டீங்க," என்றாள். "பேக்டரிய உங்க மகன் பேருக்கு மாத்தி எழுதிட்டா நீங்க ரெண்டு பேரும் வசதியில்லாதவங்க ஆயிடுவீங்க. அத்தை பென்ஷன் தப்பிச்சிடும். தெருவுல பாதிப் பேரு அதைத்தான் செய்யறாங்க."

"அதுக்கு வேற ஆளப் பாரு," என்றார் ஐஸ்காரர். "இருக்கறத இல்லைன்னு சொல்லி வாங்கித் திங்கற நிலைமையில நாம இல்ல."

"நான் அத்தைக்காகத்தான் சொன்னேன்."

"தெரியும், தெரியும். நீ யாருக்காகச் சொன்னேன்னு தெரியும்."

இரண்டு பேரும் அத்தையைப் பற்றியே பேசினார்கள். அத்தையிடம் யாரும் பேசவில்லை. லாண்டரியம்மா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதைத் தேய்க்க ஆரம்பித்தவள் பளபளவென்று ஆன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கோபமா என்று கேட்டால் கோபம்தான். ஆனால் யார்மேல் என்று தெரியாத கோபம். அவர் சொன்னது தப்பில்லை. சட்டமும் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சலே.

நாலைந்து நாள் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியைத் திரும்பத் துவைத்தாள். அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினாள். மேகத்தைப் பார்த்து வாசலுக்கு வருவாள், உள்ளே போவாள், மறுபடி வருவாள். புதன்கிழமை வந்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் நேராக நெட்டை வீட்டுக்கே போய்விட்டாள்.

நெட்டை பெயருக்கேற்ற உயரம். ஒற்றை அறை, கட்டில் ஒன்று, அதன் கால்மாட்டில் அடுப்பு. புருஷன் போய் வெகுகாலமாகிவிட்டது. லாண்டரியில் கடைசிவரை தற்காலிகமாகவே வைத்திருந்ததால் அவளுக்குப் பென்ஷன் பேருக்குத்தான் வரும். அறைக்கு வாடகை கட்டிவிட்டு மீதியைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்பாள். இந்த வயதிலும் பக்கத்து லாட்ஜுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. ஒரு முனையப் பிடிங்க," என்று ஈரம் உலர்ந்த விரிப்பை நீட்டினாள். பஸ்ஸுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து இழுத்து உதறினார்கள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ வருஷம் எதிரெதிரே நின்று இப்படித்தான் மடித்தார்கள். இவள் குட்டை, அவள் நெட்டை. மடிப்பு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். சூப்பர்வைசர் கத்தாத நாளில்லை. மடித்துக்கொண்டே கிட்டே வந்து, முனையைக் கைமாற்றிவிட்டு விலகிப்போய் அடுத்ததை எடுப்பார்கள். பேச்சும் அந்த இடைவெளிக்குத் தக்கபடி பெருத்தும் சிறுத்தும் வரும்.

"எனக்குப் பென்ஷன நிறுத்தப் போறாங்க," என்றாள் லாண்டரியம்மா, தூரத்தில் நிற்கும்போது.

"தெரியும்க்கா. எனக்குக் கூட்டப் போறாங்க."

கிட்டே வந்தார்கள். முனை கைமாறியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"வாடகை போக இனிமே கையில நிக்கும்," என்றாள் நெட்டை. "இந்த லாட்ஜு வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். தோள்பட்டை தூக்க விடமாட்டேங்குது. நான் உங்க முன்னால சந்தோஷப்படலாமா, கூடாதான்னு தெரியாம முழிச்சிட்டிருக்கேன். நீங்களே சொல்லிடுங்க."

"சந்தோஷப்படு. உனக்கு எப்பவோ குடுத்திருக்கணும்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

லாண்டரியம்மா விரிப்பின் முனையை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "நியாயம்னு தெரியுது. தெரிஞ்சும் எரியுது. அந்தப் பணம் போனா நான் என்ன பட்டினியா கிடக்கப் போறேன்? கேட்டா குடுப்பாரு. கேட்டா குடுப்பாருடி. அதான்."

"குடுக்கறாருல்ல? குடுக்காத ஆளோட நான் குடும்பம் நடத்தினேன்."

"குடுப்பாரு. எதுக்குன்னு கேப்பாரு."

"சொல்லிட்டுப் போங்களேன்."

"என்னன்னு சொல்ல? நெட்டையோட டிப்போ வரைக்கும் போய்க் குச்சி ஐஸ் திங்கணும்னா?"

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாண்டரியம்மாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "அவரு தொழில் ஆரம்பிச்ச புதுசுல ரெண்டு மழைக்காலம் ஐஸ் வாங்க நாதியில்ல. படகே போகல. வீட்டுல அடுப்பு எரிஞ்சது என் சம்பளத்துல. அப்ப நான் ஒரு நாளும் அவர எதுக்குன்னு கேட்டதில்ல. எடுத்துக்கட்டும்னு அலமாரியிலயே வச்சிருப்பேன்."

"அத அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா குத்திக்காட்டற மாதிரி இருக்கும்."

நெட்டை தரையில் விழுந்த விரிப்பை எடுத்து உதறினாள். "என்கிட்ட குத்திக்காட்டி என்ன பிரயோசனம்? எந்திரிங்க. இன்னும் ஒரு கட்டு இருக்கு."

அன்று ராத்திரி ஐஸ்காரர் பத்திரத்தோடு வந்தார். பென்ஷன் வேண்டாமென்று எழுதி ஓய்வூதிய அலுவலகத்தில் கொடுக்கவேண்டியது. அவர் கையெழுத்துப் போட்டு, இவள் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சுழித்து வைத்திருந்தார். லாண்டரியம்மா அதைத் தொடவில்லை.

"நான் ஒண்ணு யோசிச்சேன்," என்றார் அவர். அவரும் யோசித்திருக்கிறார், பாவம். "உனக்கு வந்துட்டிருந்ததை மாசாமாசம் நானே குடுத்துடறேன். ஒரு பைசா குறையாது. சரிதானே?"

"குடுப்பீங்க. எதுக்குன்னு கேப்பீங்க."

ஐஸ்காரர் நிஜமாகவே திகைத்தார். "நானா? உன்னையா? எப்பக் கேட்டேன்?"

"எப்பத்தான் கேக்கல?"

"இது அபாண்டம். உன்ன ஒரு வார்த்த கேட்டிருப்பேனா? வீட்டுல எது நடக்குதுன்னாவது எனக்குத் தெரியுமா?"

லாண்டரியம்மா சண்டையை வளர்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி, சாதாரணக் குரலில், "சரி. நாளைக்குக் கொஞ்சம் காசு வேணும்," என்றாள்.

"அதுக்கென்ன," என்று சட்டைப்பையில் கைவிட்டார் ஐஸ்காரர். "எதுக்கு?"

அந்த வார்த்தை வெளியே வந்து விழுந்ததை இருவரும் பார்த்தார்கள். அவர் கை சட்டைப்பைக்குள்ளேயே நின்றுவிட்டது. உள்ளறையில் மருமகள் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஐஸ்காரருக்குக் காதுமடல் சிவந்துபோனது. "அது வாயில வர்றது," என்றார். "மனசுல வர்றதில்ல."

"தெரியும்."

"பின்ன என்ன?"

"என் காதுல விழுறது உங்க வாயில வர்றதுதானே."

அவள் பத்திரத்தை எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் படித்தாள். சொத்து விவரம் என்ற இடத்தில் ஐஸ் பேக்டரி, துறைமுகத் தெரு வீடு, பின்னால் சரக்குப் போட்டு வைக்கும் கிட்டங்கி எல்லாம் வரிசையாக இருந்தன. அதற்கு மேலே, கணவன் மனைவி இருவருக்கும் உரியவை என்று அச்சடித்திருந்தது. விரலை அதன்மேல் வைத்தாள்.

"இது நெசமா?"

"எது?"

"பேக்டரி ரெண்டு பேருடையதுன்னு போட்டிருக்கு."

"சட்டம் அப்படித்தான் எடுத்துக்குது."

"சட்டத்த விடுங்க. நீங்க எப்படி எடுத்துக்கறீங்க?"

ஐஸ்காரர் மின்விசிறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். வெளியே மறுபடி மேகம் கூடி, காற்று அசையாமல் நின்றது. பொய் சொல்ல வராத மனுஷர் என்பதால் பதில் சொல்ல நேரம் பிடித்தது. "அந்த ரெண்டு மழைக்காலத்துல உன் சம்பளம் இல்லேன்னா பேக்டரி ஏது," என்றார். "ரெண்டு பேருடையதும்தான்."

அவருக்கு அது ஞாபகம் இருந்தது. லாண்டரியம்மா அதை எதிர்பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, பென்சில் சுழித்த இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். "அப்ப நான் வசதியானவதான்," என்றாள். "இத்தன நாளா எனக்கே தெரியாது."

மறுநாள் காலையில் அவள் தலை வாரி, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பேக்டரிக்குப் போனாள். வருஷக்கணக்கில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். உள்ளே நுழைந்ததும் குளிரும் அமோனியா நெடியும் சேர்ந்து மூக்கைப் பிடித்தது. ஆட்கள் டின்னைச் சங்கிலியில் தூக்கி வெந்நீரில் முக்கினார்கள். கட்டி கழன்று பலகையில் வழுக்கிக்கொண்டு வந்தது. கொக்கியால் இழுத்து அரவை இயந்திரத்தில் தள்ளினார்கள். அந்த இரைச்சலில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. ஈரச் சாக்குகளை ஒரு மூலையில் மூட்டையாகப் போட்டு வைத்திருந்ததைப் பார்த்ததும் லாண்டரியம்மாவுக்குக் கை துறுதுறுத்தது.

"இதை யாரு இப்படி அள்ளிப் போட்டது? விரிச்சுக் காயவைங்க. புழுங்கின சாக்கைப் போட்டா கட்டியெல்லாம் நாறும், மீனும் நாறும்."

ஆட்கள் ஐஸ்காரரைப் பார்த்தார்கள். ஐஸ்காரர் மேற்கூரையைப் பார்த்தார். சாக்குகள் காயப்போடப்பட்டன.

கண்ணாடி அடைத்த சின்ன ஆபீஸ் அறையில் மருமகள் கல்லா மேஜையில் இருந்தாள். மாமியாரைக் கண்டதும் எழுந்தாள். "என்னத்தை, திடீர்னு?"

"பேக்டரியப் பாக்க வந்தேன். நீ ஒருநாளாவது பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நிம்மதியா ஒரு டீயக் குடி. நான் பாத்துக்கறேன்."

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். மனசில்லாமல்தான் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நாற்காலி சூடாக இருந்தது. லாண்டரியம்மா அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பேப்பரில் வந்த படம் நினைவுக்கு வந்தது, தொப்பை மட்டும்தான் இல்லை. இழுப்பறையைத் திறந்தாள். நோட்டுகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றைப் பிரித்து, விரிப்பு மடிப்பதுபோல முனைக்கு முனை சேர்த்து அடுக்கினாள். படகுக்காரர்கள் வந்தார்கள், காசு கொடுத்தார்கள், சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் அம்மா என்று கூப்பிட்டுக் கும்பிட்டார்கள். நேரம் போனதே தெரியவில்லை. வெகுநாளைக்குப் பிறகு உடம்பு ஓரிடத்தில் அமைதியாக இருந்தது.

சரக்கு வண்டி ஒன்று போனபிறகு ஐஸ்காரர் ரப்பர் பூட்ஸ் சொதசொதக்க உள்ளே வந்தார். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். மேஜையைச் சுற்றி வந்து, பேசிக்கொண்டே இழுப்பறைக்குள் கையை விட்டார்.

"எதுக்கு?"

கேட்டது லாண்டரியம்மா. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் எழுதிக்கொண்டேதான் கேட்டாள்.

ஐஸ்காரருடைய கை நின்றது. வெளியே அரவை இயந்திரமும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. கொக்கியோடு கதவோரம் நின்ற ஆள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

"ஆளுங்களுக்கு டீ," என்றார் ஐஸ்காரர். "காலையிலேர்ந்து யாரும் குடிக்கல. அப்புறம் எனக்கு ஒரு பீடிக்கட்டு." சொல்ல வேண்டாத பீடிக்கட்டையும் சேர்த்துச் சொன்னார்.

லாண்டரியம்மா நிமிர்ந்தாள். பழி வாங்கவேண்டும் என்று அவள் இதைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் வந்தாளோ என்றுகூட நீங்கள் நினைக்கலாம். ஆனால் அவள் நினைத்துக் கேட்கவில்லை, அது தானாக வந்தது. இழுப்பறைப் பக்கம் ஒரு கை வந்தது, வாய் கேட்டுவிட்டது. தலைகுனிந்து பதில் சொல்லிக்கொண்டு நிற்கும் அந்த மனுஷரை அவளால் பார்க்க முடியவில்லை.

"எடுத்துக்குங்க," என்றாள்.

அவர் எடுத்துக்கொண்டார். கதவுவரை போனவர் நின்றார்.

"நான் கேக்கறதும் இப்படித்தான் இருக்குமா?"

"இப்படியேதான்."

"கேக்கும்போது ஒண்ணும் தெரியல."

"ஆமா," என்றாள் லாண்டரியம்மா. "எனக்கும் தெரியல."

அவர் டீ சொல்லப் போனார். அவள் எழுந்து நாற்காலியை மேஜைக்கு எதிர்ப்புறம் இழுத்துப் போட்டு, இழுப்பறைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். புதன்கிழமை வந்தபோது, அவரும் ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இழுப்பறையிலிருந்து பஸ்ஸுக்கும் குச்சி ஐஸுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். ஐஸ்காரர் வாயைத் திறந்தார். திறந்த வாயை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல், "மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துட்டுப் போ," என்றார்.